ரிஷிகேஷில் ராஃப்டிங்: கல்லூரி நண்பர்கள் 11 பேர், நாலு பேருக்கு நீச்சல் தெரியாது. எந்தத் தடம் சரி?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். 1999-இல் ஒரே வகுப்பில் படித்து முடித்த 11 பேர் வரும் ஆயுத பூஜை விடுமுறையில் ரிஷிகேஷில் கூடுகிறோம். எல்லோருக்கும் 47, 48 வயது. மூன்று இரவு தங்கல். கங்கையில் ராஃப்டிங் (ரப்பர் படகில் வேக நீரில் போவது), முடிந்தால் பஞ்சி ஜம்பிங் (காலில் கயிறு கட்டி உயரத்திலிருந்து குதிப்பது), இதுதான் திட்டம்.

கூட்டத்தில் நாலு பேருக்கு நீச்சல் தெரியாது. ஒருவருக்கு இரண்டு ஆண்டுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இன்னொருவர் 112 கிலோ. ஒரு தோழி தன் மகள்கள் இருவரையும் அழைத்து வருகிறார், வயது 16, 13.

சிவ்புரியிலிருந்து 16 கி.மீ. போகலாம் என்று பாதிப் பேர், பிரம்மபுரியிலிருந்து 9 கி.மீ. போதும் என்று மீதிப் பேர். இத்தனை வருடம் கழித்துச் சந்திக்கிறோம், இரண்டாகப் பிரிந்து போகவும் மனமில்லை. எந்தத் தடம் எடுக்கலாம்? நீச்சல் தெரியாதவர்கள் வரலாமா? யார் எதைத் தவிர்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துடுப்பு

முதலில் தடத்தைப் பார்ப்போம். ரிஷிகேஷுக்கு மேலே கௌடியாலாவிலிருந்து ஊர் வரைக்கும் சுமார் 36 கி.மீ. நீளத்துக்கு ராஃப்டிங் நடக்கிறது. பெரும்பாலான படகுகள் கடைசியில் வந்து சேர்வது ரிஷிகேஷ் பக்கம்தான். எங்கே ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கடினம். கௌடியாலாவுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் டேனியல்ஸ் டிப், தி வால் என்ற ராப்பிட்கள், அதாவது ஆறு அலையடித்து வேகமாகப் பாயும் இடங்கள், இருக்கின்றன. தி வால் கடினத்தில் நாலாம் தரம், படகு கவிழ்வதற்குப் பேர்போன இடம். உங்கள் கூட்டத்துக்கு அது வேண்டவே வேண்டாம். மரைன் டிரைவிலிருந்து சிவ்புரி வரை பிளாக் மணி, கிராஸ் ஃபயர், த்ரீ பிளைண்ட் மைஸ். சிவ்புரிக்குக் கீழே ரிட்டர்ன் டு சென்டர், ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ். பிரம்மபுரியைத் தாண்டினால் இனிஷியேஷன், டபுள் டிரபிள், ஹில்டன், டெர்மினேட்டர் என்று சற்றே அடங்கிய அலைகள்.

சிவ்புரிப் படகு பிரம்மபுரியைக் கடந்துதான் ஊருக்கு வந்தாக வேண்டும். உங்கள் சண்டைக்குத் தீர்வு அதிலேயே இருக்கிறது. விருப்பமும் தெம்பும் உள்ளவர்கள் ஒரு படகில் சிவ்புரியில் ஏறட்டும். மற்றவர்கள் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்து பிரம்மபுரி மணலில் இன்னொரு படகோடு காத்திருக்கட்டும். அங்கிருந்து கடைசி 9 கி.மீ. இரண்டு படகும் அடுத்தடுத்து வரலாம். ஒரே நடத்துநரிடம் இரண்டு படகையும் பதிவு செய்து இந்த ஏற்பாட்டை முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டு வழிகாட்டிகளும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வார்கள். யாரையும் வற்புறுத்திக் கடினமான தடத்துக்கு இழுக்க வேண்டியதில்லை, யாரும் கரையில் தனியாக உட்கார்ந்திருக்கவும் வேண்டாம்.

காலை ஒன்பதரைக்குள் ஆற்றில் இறங்கிவிடுங்கள். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று கீழிருந்து மேலாக, அதாவது படகுக்கு எதிர்முகமாக வீசும். ராப்பிட்களுக்கு நடுவே அமைதியாக ஓடும் இடங்களில் இந்தக் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுவது கையை ஓய்த்துவிடும், நனைந்த உடம்பு குளிரில் நடுங்கும்.

நீச்சல் தெரியாதவர்கள் பிரம்மபுரித் தடத்தில் தாராளமாக வரலாம். ராப்பிட்டுக்குள் விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் நீந்திக் கரையேறிவிட முடியாது, மிதவை அங்கிதான் காப்பாற்றும். அதனால் அங்கி உடம்போடு பொருந்தியிருக்கிறதா என்பதே முதல் கவலையாக இருக்க வேண்டும். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி வார்களை இறுக்கிய பிறகு, இன்னொருவரைத் தோள்பட்டை வார் இரண்டையும் பிடித்து மேல்நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காது வரை ஏறினால் தளர்வு. தொப்பை உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: நின்றபடி இறுக்கிய வார், படகில் உட்கார்ந்ததும் வயிற்றுக்கு மேலே நழுவிவிடும். உட்கார்ந்த பிறகு மறுபடியும் இழுத்து இறுக்குங்கள். அழுத்திப் பார்க்கும்போது தட்டையாகிப் போன பழைய நுரை, கிழிந்த துணி, கயிற்றால் முடிந்த கொக்கி எதுவாக இருந்தாலும் வேறு அங்கி கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். தலைக்கவசமும் அப்படித்தான், தாடைவாரில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது.

112 கிலோ நண்பருக்குப் பெரிய அளவு அங்கி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். கரையில் போய்க் கேட்டால் இருப்பதை மாட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். படகில் எடையை இருபுறமும் சமமாகப் பிரித்து உட்கார வேண்டும். எங்கே யார் என்பதை வழிகாட்டியிடம் விட்டுவிடுங்கள், நெருங்கிய நண்பர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். முன்வரிசை இருவர் போடும் துடுப்பைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர்கள் தாளம் பிடிப்பார்கள், ஆகவே அங்கே உட்காருபவர்கள் சொன்னதை உடனே செய்பவர்களாக இருக்க வேண்டும்.

துடுப்பின் மேல்முனையில் குறுக்குக் கட்டை மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும். உள்ளங்கை எப்போதும் அதை மூடியே இருக்க வேண்டும். ராஃப்டிங்கில் பல் உடைவதும் உதடு கிழிவதும் பெரும்பாலும் பாறையால் அல்ல, பக்கத்தில் இருப்பவர் பயத்தில் விட்டுவிட்ட இந்தக் கைப்பிடியால்தான்.

அதே பயத்தில் நடக்கும் இன்னொரு தவறு, அலை வந்ததும் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்வது. வேகம் இருந்தால் படகு அலையை வெட்டிக்கொண்டு போகும். வேகம் இழந்த படகு அலைக்கு அடியில் உள்ள குழியில் மாட்டி, பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். வழிகாட்டி 'ஃபார்வர்ட்' என்று கத்திக்கொண்டிருக்கும்வரை அனைவரும் ஒரே தாளத்தில் போட்டுக்கொண்டே இருங்கள். 'கெட் டவுன்' என்றால் மட்டும் படகின் உள்ளே இறங்கிக் குந்த வேண்டும், துடுப்பு நிமிர்ந்து நிற்கட்டும். 'ஹை சைடு' என்றால் படகின் எந்தப் பக்கம் மேலே தூக்குகிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் சாய வேண்டும். உடம்பு தானாகவே தாழ்ந்த பக்கத்துக்குத்தான் ஓடும், அதனால் இதைக் கரையிலேயே மூன்று நாலு முறை பழகிப் பாருங்கள்.

விழுந்தால் மல்லாந்து, கால் இரண்டும் ஆறு போகும் திசையில், பாதம் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால், பின்னால் வரும் நீர் உடம்பை முன்னால் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். மிதவை அங்கி போட்டிருப்பவரும் மூழ்குவது இந்த வகையில்தான். படகுக்கு அடியில் போய்விட்டால் கையால் தடவி ஒரே திசையில் நகருங்கள், சில நொடியில் வெளியே வந்துவிடலாம். திசை மாற்றினால் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். கயிற்றுப் பை எறிந்தால் பையைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடித்து நெஞ்சோடு அணைத்து மல்லாந்து கொள்ளுங்கள், அதைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் வேண்டாம்.

விழுந்தவரைப் படகுக்குள் ஏற்றும்போது கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். அவர் முகம் படகைப் பார்த்திருக்க, அங்கியின் தோள்வார் இரண்டையும் பிடித்து, முழங்காலைப் படகின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, நீங்கள் பின்பக்கமாக உள்ளே விழ வேண்டும். அவர் உங்கள் மேலேயே வந்து விழுவார். கனமான நண்பருக்கு இருவர் வேண்டும். யார் அந்த இருவர் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

நாடித்துடிப்பு

துடுப்பு சொன்னதோடு உடல்நலம் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். பொது வழிகாட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவு அவரவர் மருத்துவருடையது.

ஸ்டென்ட் வைத்த நண்பர் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தன் இதய மருத்துவரைப் பார்க்கட்டும். டிரெட்மில் சோதனை, எக்கோ இரண்டும் பார்த்துவிட்டு அவர் சம்மதித்தால் பிரம்மபுரித் தடம் மட்டும். கங்கை பனிமலையிலிருந்து வரும் நீர், அக்டோபரிலும் குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தன்னிச்சையாக உள்ளிழுக்கும், இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே வீச்சில் எகிறும். ஆரோக்கியமானவருக்கு இது ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. மேலும் ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பார்கள். ஒன்றா இரண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் தலையில் படும் சின்ன அடியும் உள்ளே கசியக்கூடும், அவர் படகில் ஏறாமல் இருப்பதே நல்லது. பயணத்துக்காக அந்த மாத்திரையை நிறுத்தும் யோசனை யாருக்கும் வரக்கூடாது.

இன்சுலின் போடும் நண்பருக்கு ஆபத்து சர்க்கரை தாழ்வது. மூன்று மணி நேரத் துடுப்பு, குளிர், பதற்றம் மூன்றும் சேர்ந்தால் வழக்கமான அளவு இன்சுலினே அதிகமாகிவிடும். காலை அளவைக் குறைக்கலாமா என்று முன்பே மருத்துவரிடம் கேட்டு வைக்கட்டும். சாப்பிடாமல் ஏறக்கூடாது. குளுக்கோஸ் மாத்திரையோ பொடியோ ஜிப் பையில் போட்டு அங்கியின் உட்பையிலும், இன்னொரு பங்கு வழிகாட்டியின் நீர்புகாப் பையிலும் இருக்கட்டும். நடுங்கினால் குளிரா சர்க்கரைத் தாழ்வா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே பக்கத்தில் உட்காரும் ஒருவருக்காவது அவர் இன்சுலின் போடுபவர் என்பது தெரிந்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் முதலில் இனிப்பைக் கொடுத்துவிடட்டும். இன்சுலின் பேனா வண்டியில் வெயிலில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சி வேறு கணக்கு. மோகன் சட்டியில் உள்ள மேடை 83 மீட்டர் உயரம். கயிறு இழுபட்டு மேலே தூக்கும் நொடியில் தலைகீழாகத் தொங்கும் உடம்பின் இரத்தமெல்லாம் கண்ணுக்கும் மூளைக்கும் பாயும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, முதுகு அல்லது கழுத்துத் தட்டு விலகல், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் கூடாது. பலர் மறக்கும் இன்னொன்று, கிட்டப்பார்வை. மைனஸ் 6-க்கு மேல் கண்ணாடி போடுபவர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்கும், கிழியும் வாய்ப்பு கூடுதல். கண் மருத்துவர் பாவையை விரித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால் ஒழிய வேண்டாம். 47 வயதில் பலருக்குத் தனக்கு அழுத்தம் இருப்பதே தெரியாது. எல்லோரும் ஊரிலேயே ஒருமுறை அளந்துவிட்டு வாருங்கள்.

பொறுப்புத் துறப்புப் படிவத்தில் நோய் விவரம் கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். அதை வைத்துத்தான் வழிகாட்டி உங்களை எங்கே உட்கார வைப்பது என்று தீர்மானிப்பார்.

மலையோரம்

அண்ணா, ஊர் விவரம் கொஞ்சம்.

ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளத்துக்காக ராஃப்டிங்கை மூடிவிடுவார்கள். செப்டம்பரில் நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்துத் திறப்பார்கள். அக்டோபர் நல்ல மாதம், சேறு படிந்து தண்ணீர் பச்சையாகத் தெளிந்திருக்கும். ஆனால் தசரா விடுமுறைக்கு டில்லிக் கூட்டம் அத்தனையும் அங்கேதான் வரும். சனி, ஞாயிறை விட்டு வாரநாளில் ஆற்றில் இறங்குங்கள். கூட்ட நாளில் படகுகள் அவசர அவசரமாக இறங்கும், கரையில் கொடுக்க வேண்டிய பயிற்சியும் சுருங்கிவிடும்.

எல்லோரும் வெவ்வேறு ஊரிலிருந்து வருவதால் டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையத்துக்கு வருவதே வசதி, ரிஷிகேஷ் அங்கிருந்து சுமார் 20 கி.மீ. டில்லியில் இறங்கினால் சாலையில் ஏறக்குறைய 240 கி.மீ., விடுமுறை நெரிசலில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. முதல் நாள் மதியத்துக்குள் அனைவரும் வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள். ராஃப்டிங்கை இரண்டாம் நாள் வையுங்கள். விமானம் தாமதமாகி யாராவது பின்தங்கினாலும் தப்பவிடமாட்டார். மூன்றாம் நாளைக் காலியாக விடுங்கள், மழையோ நீர்மட்டமோ காரணமாக ஒரு நாள் தள்ளிப்போனால் அது கைகொடுக்கும்.

13 வயதுக் குழந்தையை ராஃப்டிங்குக்கு ஏற்ற மாட்டார்கள், குறைந்தபட்ச வயது 14. வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்ற முயல வேண்டாம். பெரியவர்களுக்கான அங்கி அந்த உடம்பில் நிற்காது, ஏதாவது ஆனால் காப்பீடும் கிடைக்காது. அம்மா படகில் போகும் நேரத்தில், ராஃப்டிங் வராத நண்பர் யாராவது அந்தப் பெண்ணைச் சௌராசி குடியாவுக்கு அழைத்துப் போகலாம். 1968-இல் பீட்டில்ஸ் வந்து தங்கிய ஆசிரமம், இப்போது ராஜாஜி புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. இன்னொரு நாள் விடியலில் குஞ்சாபுரி கோயிலுக்கு எல்லோருமே போகலாம். கோயில் வாசலுக்குக் கீழே வரை வண்டி போகும், பிறகு படிக்கட்டு. வானம் தெளிந்திருந்தால் சூரியன் எழும்போது பனிமலை தெரியும். நின்று பேச அதைவிட நல்ல இடம் ரிஷிகேஷில் கிடையாது.

மது, அசைவம் இரண்டும் ஊருக்குள் இல்லை. நண்பர்கள் கூடும்போது ஏற்பாடு செய்யலாம் என்று யாராவது நினைத்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். முந்தைய இரவு குடித்தவர் மறுநாள் ஆற்றில் இறங்குவது எப்படியும் தவறு. உடல் வறண்டிருக்கும், குளிரை உணரவும் தாமதமாகும்.

ஆற்றங்கரைக் கூடாரம் என்று விளம்பரம் பார்த்தால் சரியான இடம் எது என்று கேளுங்கள். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கரை மணலில் முகாம் போடுவதற்குத் தடை விதித்தது. அதன் பிறகு பல முகாம்கள் மேலே மலைச்சரிவுக்குப் போய்விட்டன. சிலவற்றுக்கு 200, 300 மீட்டர் செங்குத்தாக நடந்துதான் போக வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது முதல் நாளே தண்டனை ஆகிவிடும். லட்சுமண் ஜூலா பழைய பாலத்தையும் மூடிவிட்டார்கள். அக்கரையில் அறை எடுத்தால் ராம் ஜூலா அல்லது 2020-இல் திறந்த ஜானகி சேது போன்ற பாலத்தில் பெட்டியோடு நடக்க வேண்டியிருக்கலாம். மூத்தவர்கள் கூட்டம் என்பதால் வண்டி வாசல் வரை வரும் தபோவன் பக்கமே அறை எடுங்கள்.

நடத்துநரிடம் கேட்க வேண்டியவை: உத்தரகாண்ட் சுற்றுலாத் துறை கொடுத்த உரிமம், எங்கள் படகின் வழிகாட்டிக்குத் தனியாக வழிகாட்டி உரிமம், கூடவே பாதுகாப்புக்குக் கயாக் (ஒருவர் ஓட்டும் சிறு படகு) ஓட்டுபவர் வருவாரா என்பது. கயாக் இல்லை என்றால் நீச்சல் தெரியாத நாலு பேரை வைத்துக்கொண்டு அந்த நடத்துநர் வேண்டாம். விலையில் சில நூறு ரூபாய் மிச்சம் பார்க்கும் இடம் இதுவல்ல.

வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. பிரம்மபுரியில் சேர்ந்துகொள்ளும் யோசனையைக் குழுவில் போட்டதும் எல்லோரும் சரி என்றுவிட்டார்கள். இன்னும் இரண்டு சந்தேகம். ஆறு பேர் மூக்குக்கண்ணாடி போடுகிறோம், என்ன செய்வது? பாதி வழியில் பாறையிலிருந்து குதிக்கச் சொல்வார்களாமே, நீச்சல் தெரியாதவர்கள் குதிக்கலாமா?

துடுப்பு

கண்ணாடிக்குப் பின்னால் மாட்டும் நீட்சிப் பட்டை விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும், தலைக்கவசத்துக்கு அடியில் இறுக்கமாக வரும்படி மாட்டுங்கள். பழைய கண்ணாடியைப் போட்டு வாருங்கள், நல்லது அறையிலேயே இருக்கட்டும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். தண்ணீர் அடித்துக்கொண்டு போவது ஒரு பக்கம், ஆற்றுநீர் லென்ஸுக்கு அடியில் தங்கினால் கண்ணில் தொற்று வரும்.

உடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நைலான் அல்லது பாலியஸ்டர் அரைக்கால் சட்டை, டி-ஷர்ட். ஜீன்ஸ், பருத்திச் சல்வார், துப்பட்டா கூடாது, பருத்தி நனைந்தால் எடை கூடும், காயாமல் குளிரை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும். பின்வார் உள்ள செருப்பு அல்லது பழைய காலணி. ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். மோதிரம், சங்கிலி, தாலிக்கொடி போன்றவை கயிற்றிலோ வாரிலோ சிக்கும். கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்கு உள்ளே போட்டு, அங்கியை இறுக்கி மாட்டிக்கொள்ளட்டும். கேமராவைத் தலைக்கவசத்தில் பொருத்த வேண்டாம், அதுவும் கயிற்றில் மாட்டும்.

பாறையிலிருந்து குதிப்பது விருப்பம்தான், கட்டாயம் இல்லை. நீச்சல் தெரியாதவர்கள் தவிர்க்கட்டும். அங்கி போட்டுக் குதித்தால் நீர் அதை மேலே தள்ளும், தளர்வாக இருந்தால் தாடையில் வந்து மோதும். நீச்சல் தெரிந்தவர்கள் குதிப்பதாக இருந்தால் கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி அங்கியின் தோள்வாரைப் பிடித்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து, நேராகப் பாதம் முதலில் படும்படி இறங்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் விழுந்தால் முதுகெலும்பின் அடிப்பகுதி அடிபடும். அந்த நாளில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்பது நீர்மட்டத்தைப் பொறுத்தது. மேலே டெஹ்ரி அணையிலிருந்து தண்ணீர் விடுவதைப் பொறுத்தும் ஒரே நாளில் மட்டம் ஏறி இறங்கும். வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அதே காரணத்துக்காகக் கரையில் நிறுத்தும்போது பையையும் செருப்பையும் நீர் விளிம்பில் வைக்காதீர்கள்.

குதிக்காதவர்கள் அந்த இடத்தில் படகின் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்து பார்க்கலாம். அமைதியான பகுதி வந்ததும் வழிகாட்டியே இறங்கச் சொல்வார். உங்கள் நாலு பேரும் அதைக் கட்டாயம் செய்யட்டும். அங்கி தன்னைத் தாங்குகிறது என்பது உடம்புக்கு ஒருமுறை புரிந்துவிட்டால், அடுத்த ராப்பிட்டில் கயிற்றை விட்டுத் துடுப்பைப் பிடிப்பார்கள்.

நாடித்துடிப்பு

ஒன்று விட்டுப்போயிற்று. ஆற்றுநீரை விழுங்கியவர்களுக்கு ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கு வரலாம், சிலவகைக் கிருமிக்கு ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்தும் வரும். உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்துப் பன்னிரண்டு எடுத்துப்போங்கள். ஊருக்கு வந்த பிறகு தொடங்கினால் கங்கையில் ராஃப்டிங் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவர் பார்க்க வேண்டிய சோதனை மாறும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இன்ஹேலர் நீர்புகாப் பையில், படகில் இருக்க வேண்டும். பின்தொடரும் வண்டியில் வைத்தால் பயனில்லை, பாதித் தூரத்துக்குச் சாலை ஆற்றுக்கு வெகு மேலே போகிறது.